வளர்கிற காலுக்கு

அந்தப் பையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நடுவில் என் பெட்டி இருக்கிறது. ஆமாம், காலிப் பெட்டிதான். காலிப் பெட்டி என்றால் நசுக்கலாமா? நான் காசு கொடுத்து வாங்கியது. உள்ளே இருந்த ஷூவுக்கும் நான்தான் கொடுத்தேன். அந்த ஷூ இப்போது வேம்பாருக்குப் போகிற பஸ்ஸில் யாரோ ஒருத்தி காலில் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டி மட்டும் என்னோடு கோவில்பட்டிக்கு வருகிறது.

டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் பாருங்கள். நீலப் பனியன், இரட்டைச் சடை. என் மகள் செண்பகா. பத்தாம் வகுப்பு. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம் அவளுடையது. "நான் முன்னால உக்காந்துக்கிடுதேன்" என்று போய்விட்டாள். தூத்துக்குடி மைதானத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து என்னிடம் அவள் பேசியது அது ஒன்றுதான்.

பேசாமல் இருக்கவேண்டியது அவளா, நானா? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், இப்போது சொல்லவேண்டாம். முழுசாகக் கேளுங்கள்.

எனக்குத் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. சங்கிலிராஜ் ஜெராக்ஸ் என்றால் யாரும் காட்டுவார்கள். கஞ்சன் ஜெராக்ஸ் என்று கேட்டாலும் காட்டுவார்கள், அதுவும் எனக்குத் தெரியும். கஞ்சன் என்றால் யார்? செலவே செய்யாதவன். நான் அப்படி இல்லை. செலவுக்கு ஒரு நேரம் உண்டு, அந்த நேரம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்று நினைக்கிறவன். எல்லாரும் நேரம் வருவதற்கு முன்னாலேயே செய்துவிட்டு, நேரம் வரும்போது என் கடையில் வந்து கடன் விண்ணப்பத்துக்குப் பிரதி எடுக்கிறார்கள்.

என் கடையில் ஒரு தாள் வீணாவதில்லை. ஒரு பக்கம் கோணலாக விழுந்துவிட்டால் மறுபக்கத்தில் செண்பகா கணக்குப் போடுவாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். முன்பக்கம் யாருடைய இறப்புச் சான்றிதழோ, பின்பக்கம் இவளுடைய பெருக்கல். அதனால் கணக்கு வராமல் போயிற்றா? நன்றாகவே வருகிறது.

பாவாடையும் அப்படித்தான். ஆறாம் வகுப்பில் தைத்தது எட்டாம் வகுப்பு வரைக்கும் வந்தது. கீழே அகலமாக மடித்துத் தைக்கச் சொல்வேன். வருஷத்துக்கு ஒரு மடிப்பை அவள் அம்மா பிரித்துவிடுவாள். பிரித்த இடத்தில் துணி கருநீலமாக இருக்கும், மற்ற இடம் வெளுத்திருக்கும். அதைப் பார்த்து வகுப்பில் பிள்ளைகள், "ஏட்டி, உன் பாவாடையில ரோட்டுக் கோடு போட்டிருக்கு" என்று சிரிக்குமாம். சிரித்துவிட்டுப் போகட்டும். துணி கிழியவில்லையே. சிரித்த பிள்ளைகளின் பாவாடையெல்லாம் இப்போது எங்கே? கரித்துணியாகப் போயிருக்கும்.

செருப்பு வாங்கினால் குதிகாலுக்குப் பின்னால் என் விரல் போகவேண்டும். போனால்தான் வாங்குவேன். வளர்கிற பிள்ளை. இன்றைய காலுக்கு வாங்கினால் நாளைய கால் என்ன செய்யும்?

நீங்கள் ஏன் உங்கள் ஷூவைப் பார்க்கிறீர்கள்? உங்களுக்கு வளர்ந்து முடிந்துவிட்டது. நான் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

பள்ளியில் பி.டி. டீச்சர் ஒருத்தி இருக்கிறாள். ஜெசிந்தா என்று பேர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். செண்பகா நன்றாக ஓடுகிறாள் என்று கண்டுபிடித்தது அந்த அம்மாளாம். ஊரெல்லாம் அப்படித்தான் பேச்சு. ஏன், எங்களுக்குத் தெரியாதா? கடைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டால் சோறு ஆறுவதற்குள் வந்து நிற்பாள். சைக்கிள் கேட்டாள், நான் வாங்கிக் கொடுக்கவில்லை. அதனால் வந்த கால் அது. அதற்கு ஒருத்தரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

குறுவட்டப் போட்டி வந்தது. பக்கத்துப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஓடுவது. அப்போதுதான் முதல் தடவை ஷூ கேட்டாள்.

"அப்பா, எல்லாரும் ஷூ போட்டு ஓடுதாங்கப்பா."

"ஓடுறது ஷூவா, காலா?"

"கால்தான்."

"அப்ப காலை வச்சு ஓடு."

ஓடினாள். முதலில் வந்தாள். நான் சொன்னது சரியாகப் போயிற்றா இல்லையா? அதை அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அவள் பதிலே பேசவில்லை. உள்ளங்காலில் ஏறியிருந்த முள்ளை அவள் அம்மா ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் பேசவில்லை. எங்கள் வீட்டில் நான் சரியாகச் சொல்கிற அன்றைக்கு யாரும் பேசமாட்டார்கள்.

அடுத்த வாரம் அந்த டீச்சர் கடைக்கே வந்துவிட்டாள். நல்ல கூட்டம். வக்கீல் குமாஸ்தா நிற்கிறார், தலையாரி நிற்கிறார், ரேஷன் கார்டுப் பிரதிக்கு வந்த பொம்பளைகள் நிற்கிறார்கள். அத்தனை பேர் நடுவில் சொல்கிறாள்:

"சார், மாவட்டப் போட்டிக்குச் செண்பகா வெறுங்காலோட ஓட வேண்டாம். தூத்துக்குடி மைதானம் முழுக்கச் சரளை. நல்ல ஷூ ஒண்ணு வேணும். உங்களுக்கு இப்பச் சிரமம்னா நான் வாங்கிக் குடுத்திடுதேன்."

எனக்குச் சிரமம் என்று அந்த அம்மாளிடம் யார் சொன்னது? அந்த நேரம் பார்த்து மிஷினில் தாள் சிக்கிக்கொண்டது.

"என் பிள்ளை காலுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும் டீச்சர். நீங்க விசில் ஊதுற வேலையைப் பாருங்க" என்றேன்.

குமாஸ்தா சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது திரும்பி, "வாங்குறதா இருந்தா அவளையும் கூட்டிட்டுப் போங்க சார். காலை வச்சுப் பாத்து வாங்கணும். அளவு முக்கியம்" என்றாள்.

அளவு முக்கியமாம். யாரிடம் சொல்கிறாள்? ஒரு தாள் நூலளவு கோணி விழுந்தாலும் மறுபடி எடுத்துக் கொடுக்கிறவன் நான். என்னிடம் அளவு பேசுகிறாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். செலவுக்கு நேரம் வந்துவிட்டது. வாங்கினால் அந்த அம்மாள் வாயைத் திறக்க முடியாதபடி வாங்கவேண்டும்.

திருநெல்வேலிக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். அவளைக் கூட்டிப் போனால் அவளுக்கும் ஒரு டிக்கெட். அதுவும் போக, பிள்ளைகளைக் கடைக்குள் விட்டால் கலரைத்தான் பார்க்கும், தரத்தைப் பார்க்காது. அளவுக்கு என்று அவள் பள்ளிக்குப் போடுகிற கறுப்பு ஷூவில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்று போதாதா? அன்றைக்கு அவள் செருப்போடு பள்ளிக்குப் போய், பிரேயரில் தனியாக நிற்க வைத்தார்களாம். நின்றால் என்ன, ஒரு நாள்தானே.

பெரிய கடை. ஏ.சி. உள்ளே போனதும் குளிருக்கே காசு வாங்கிவிடுவார்களோ என்று இருந்தது. கடைக்காரர் கறுப்பு ஷூவைத் திருப்பிப் பார்த்தார்.

"இதே அளவா சார்?"

"இதைவிட ரெண்டு சைஸ் கூட."

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"பதினஞ்சு."

"பொம்பளப் பிள்ளைகளுக்கு இந்த வயசுல கால் நின்னுரும் சார். இனிமே பெருசா வளராது."

"உங்க வீட்டுப் பிள்ளைக்கு நின்னிருக்கும். எங்க வீட்டுப் பிள்ளைக்கு வளரும்."

அவர் விடவில்லை. கறுப்பு ஷூவுக்குள் கையை விட்டு, நுனியில் அடைத்திருந்த பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னைப் பார்க்கிறார். "இதுவே அவங்களுக்குப் பெருசு போலிருக்கே சார்."

"நீங்க ஷூ விக்கிறீங்களா, வைத்தியம் பாக்குறீங்களா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.

விலையைச் சொல்லமாட்டேன். நீங்கள் கேட்காதீர்கள். அவளுடைய அம்மாவிடமே சொல்லவில்லை. என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு விலையில் ஒன்றும் காலில் போட்டதில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். ஷூவை எடுக்கவில்லை. முதலில் குனிந்து முகர்ந்து பார்த்தாள். சுற்றியிருந்த மெல்லிய தாளைக் கிழியாமல் எடுத்து மடித்து வைத்தாள். பிறகுதான் காலை விட்டாள். எழுந்து நடந்தாள். குதிகால் தனியாக ஒரு சத்தம் போட்டது.

"அப்பா..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கு."

நல்லாயிருக்கிறது என்று அவள் வாயால் சொன்னாள் தம்பி. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் அம்மா கோமதிதான் நடுவில் வந்து, "பெருசா இருக்குங்க. மாத்திட்டு வாங்க" என்றாள். மாற்றுவதற்குத் திருநெல்வேலி வரை யார் டிக்கெட் எடுப்பது? கடையில் வீணான பிரதிகளைக் கசக்கி நானே இரண்டு ஷூவிலும் நுனியில் அடைத்துக் கொடுத்தேன். அடுத்த வருஷம் பாதித் தாளை எடுத்துவிடலாம், அதற்கடுத்த வருஷம் மீதியையும் எடுத்துவிடலாம்.

ஷூவைப் பீரோவுக்கு மேலே வைத்தேன். போட்டி அன்றைக்குத்தான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டேன். "ரெண்டு நாள் போட்டு ஓடிப் பழகிக்கிடுதேன்பா" என்றாள். பழகுவதற்கு என்று போட்டால் போட்டிக்குப் பழசாகிவிடாதா?

என்ன ஊர் இது? எப்போதும்வென்றானா? நல்ல ஊர். இன்றைக்கு என் கண்ணில் இந்தப் பெயர்ப் பலகைதான் படவேண்டும்.

இன்றைக்குக் காலையில் புறப்படும்போது செருப்பை எடுத்தாள். "ஷூ இருக்குல்ல, செருப்பு எதுக்கு? ரெண்டு ஜோடியைச் சுமந்துட்டுப் போய் ஒண்ணைத் தொலைக்கவா?" என்றேன். வைத்துவிட்டாள். தூத்துக்குடி மைதான வாசல் வரைக்கும் ஷூ பெட்டிக்குள் வந்தது, அவள் வெறுங்காலில் வந்தாள். வாசலில் நான்தான் குனிந்து மாட்டிவிட்டேன். கயிற்றை இழுத்து, இரண்டு முடிச்சுப் போட்டேன்.

முதலில் நானூறு மீட்டர். நன்றாகத்தான் கிளம்பினாள். எல்லாருக்கும் முன்னால் போனாள். பக்கத்தில் இருந்தவரிடம், "அந்த ஆரஞ்சு ஷூ என் பொண்ணு" என்றேன். வளைவில் திரும்பினாள். இடது ஷூ திரும்பவில்லை. அது நேராகப் போயிற்று.

விழுந்தாள். முட்டி தோல் உரிந்துவிட்டது. ஷூவிலிருந்து தாள் உருண்டு வெளியே வந்தது. அங்கே நின்ற ஒரு ஆள் அதை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு மைக்கில் கேட்கிறான்: "இது யாரோட வருமானச் சான்றிதழ்? வந்து வாங்கிக்கோங்க!" மைதானமே சிரித்தது. விழுந்து கிடக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படியா அறிவிப்புச் செய்வான் ஒருத்தன்?

நான் ஓடினேன். முதலில் ஷூவை எடுத்தேன். பின்னால் வருகிறவர்கள் மிதித்துவிடுவார்களே. அதற்குள் டீச்சர் வந்து இவளைத் தூக்கிவிட்டாள். தூக்கிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஷூவும் என் பணம், பிள்ளையும் என் பிள்ளை. எதை முதலில் எடுத்தால் அந்த அம்மாளுக்கு என்ன?

முட்டியில் மருந்து போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தோம். எண்ணூறு மீட்டர் பாக்கி இருந்தது. அதில் முதலில் வருகிறவள் மட்டும் மாநிலப் போட்டிக்குப் போவாள். நான் அவளைத் திட்டவில்லை. "இந்தத் தடவை இன்னும் ரெண்டு தாள் சேத்து அடைச்சுத் தாரேன்" என்று நல்ல விதமாகத்தான் சொன்னேன்.

"அப்பா, என் காலுக்குன்னு இதுவரைக்கும் ஏதாவது வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்கிறாள்.

"பின்னே இது யாரு காலுக்கு?"

"இது இனிமே வரப்போற காலுக்குப்பா. எனக்கில்ல."

வாயைப் பார்த்தீர்களா? அவ்வளவு விலை கொடுத்தவனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? எல்லாம் அந்த விசில்காரி கொடுக்கிற இடம்.

எண்ணூறு மீட்டருக்குக் கோட்டில் போய் நின்றார்கள். வேம்பார்ப் பெண் ஒருத்தி. ரோஸ்லின் என்று பேர். நல்ல உயரம், நீளக் கால். வெறுங்கால்தான். போன வருஷமும் இவளோடு மோதியவள், ஜெயித்தால் அவள் ஜெயிக்கவேண்டும், இல்லையென்றால் இவள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன். செண்பகா குனிகிறாள். கயிற்றை இறுக்குகிறாள் என்று நினைத்தேன். அவிழ்க்கிறாள்! இரண்டையும் கழற்றி, உள்ளே இருந்த தாளையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, அந்த ரோஸ்லினிடம் நீட்டுகிறாள்!

"ஏட்டி! செண்பகா! ஏட்டி!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

பக்கத்தில் இருந்தவர் என் முதுகில் தட்டி, "நல்லாச் சத்தம் குடுக்கீங்க அண்ணாச்சி! பிள்ளைகளுக்கு இப்படித்தான் தெம்பு குடுக்கணும்" என்கிறார். அவரும் சேர்ந்து, "செண்பகா! செண்பகா!" என்று கத்துகிறார். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டே கத்துகிறது.

அந்தப் பெண் ஷூவைப் போட்டுக்கொண்டு இரண்டு குதி குதித்தாள். தைத்து வைத்த மாதிரி இருந்தது. விசில் ஊதினார்கள்.

சிரிக்காதீர்கள் தம்பி. என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம். ஒரு கை தூரத்தில் ரோஸ்லின் முதலில் வந்தாள். இவள் உரிந்த முட்டியோடும் வெறுங்காலோடும் இரண்டாவது. என் ஷூ முதலில் வந்தது, என் பிள்ளை இரண்டாவதாக வந்தாள். என் ஷூ மாநிலப் போட்டிக்குப் போகிறது, என் பிள்ளை வீட்டுக்கு வருகிறாள். உலகத்தில் எந்தத் தகப்பனுக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தோற்றவள் அழவேண்டுமா வேண்டாமா? இவள் அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். மூச்சு வாங்குகிறது, சிரிக்கிறாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரோஸ்லின் நல்ல பெண்தான், அதைச் சொல்லிவிடவேண்டும். ஷூவைக் கழற்றித் துடைத்து என்னிடமே கொண்டுவந்தாள். "மாமா, இந்தாங்க" என்றாள். நான் கையை நீட்டிவிட்டேன். அதற்குள் இவள் குறுக்கே வந்து, "நீயே வச்சிக்கோ. மாநிலத்துக்குப் போட்டுட்டுப் போ" என்கிறாள். அந்தப் பெண் என்னைப் பார்க்கிறாள். இவளும் பார்க்கிறாள். பின்னால் ஜெசிந்தா டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கிறாள்.

டீச்சர் இல்லையென்றால் வாங்கியிருப்பேன். சத்தியமாக வாங்கியிருப்பேன்.

"வச்சிக்கோம்மா" என்றேன்.

"தேங்க்ஸ் சார்" என்றாள் டீச்சர். அந்த அம்மாளிடம் யார் கொடுத்தார்கள்? அவள் எதற்குத் தேங்க்ஸ் சொல்கிறாள்?

அந்த ரோஸ்லினுக்கும் பதினைந்து வயதுதான், கேட்டுவிட்டேன். பதினைந்து வயதுக் கால் அந்த ஷூவை நிரப்புகிறதா இல்லையா? கால் நின்றுவிடும் என்று சொன்ன கடைக்காரரைக் கூட்டி வந்து காட்டவேண்டும். நான் வாங்கிய அளவு தப்பே இல்லை. கால்தான் வேறு.

என்ன கேட்டீர்கள்? பாப்பாவுக்கு என்ன சைஸா?

அது... கறுப்பு ஷூவில் போட்டிருந்த நம்பர் எனக்குத் தெரியும். ஆனால் அதில் பஞ்சு இருந்தது. அதற்கு முந்தின ஷூ... அதிலும் பஞ்சு இருந்தது. செருப்புக்கு என் விரல் கணக்கு. உங்களுக்கு எதற்கு அது? நீங்களா வாங்கிக் கொடுக்கப் போகிறீர்கள்? இருந்த இடத்தில் இருந்துகொண்டு கேள்வி கேட்பது யாருக்கும் வரும்.

எட்டயபுரம் வந்துவிட்டது. மழையைப் பாருங்கள். பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். இறங்குகிறாள் பாருங்கள், வெறுங்காலோடு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். காலில் ஏதாவது குத்தினால் மறுபடி ஊக்கைத் தேடவேண்டியதுதான்.

வருகிறாள். இந்தப் பக்கம்தான் வருகிறாள். நீங்கள் ஜன்னலைப் பாருங்கள்.

"துண்டு குடுங்கப்பா."

"பையில இருக்கு. ஏட்டி, ஈரக் காலோட தரையில நிக்காத, வழுக்கும். இந்தா, இந்தத் தாள்ல ஏறி நில்லு. வீணான தாள்தான். முட்டி எரியுதா?"

"இல்ல."

"அந்தப் பிள்ளைக்கு எப்பப் போட்டி?"

"அடுத்த மாசம்."

"ஷூவை மழையில நனைக்கக் கூடாதுன்னு சொன்னியா?"

"சொன்னேன்பா. எங்கப்பா திட்டுவாங்கன்னு சொன்னேன்."

போகிறாள் பாருங்கள். போகும்போது சிரித்தாளா? நீங்கள் பார்த்தீர்களா? ஜன்னலைப் பார்க்கச் சொன்னால் ஜன்னலையே பார்ப்பீர்களா!

பொறுங்கள், அந்தத் தாளை மிதிக்காதீர்கள். காலை எடுங்கள். ஈரம் அப்படியே பதிந்திருக்கிறது, விரல் எல்லாம் தெரிகிறது. பெட்டி மேல் வைக்கிறேன், ஓரத்தைப் பிடியுங்கள். ஆட்டாதீர்கள்.

என் சாண் இங்கே முடிகிறது. அதற்கு மேல் அரை விரல்கூட இல்லை. இவ்வளவுதானா? இவ்வளவு சின்னக் காலா அது?

பேனா வைத்திருக்கிறீர்களே, சட்டைப் பையில். கொடுங்கள், தின்றுவிடமாட்டேன். வேண்டாம், நீங்களே போடுங்கள். பஸ் கிளம்பிவிட்டது, ஓரத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். காய்வதற்குள் சுற்றிலும் ஒரு கோடு போடுங்கள். பதினொன்றாம் வகுப்பிலும் ஓடுவாள் இல்லையா? திருநெல்வேலிக்கு இன்னொரு டிக்கெட்தானே, போய்த் தொலைகிறது. அந்தக் கடைக்காரர் முகத்தில் இந்தத் தாளைக் காட்டி வாங்கப்போகிறேன்.

குதிகாலிலிருந்து ஆரம்பியுங்கள். மெதுவாக. அப்படித்தான்.

ஏன் தம்பி இப்படிக் கால் மேலேயே ஒட்டிக் கோடு போடுகிறீர்கள்? ஒரு விரல் தள்ளிப் போடுங்கள். வளர்கிற பிள்ளை.